ஷூவைக் கழற்றாமல் போக 80 டாலரா? பிரீசெக், குளோபல் என்ட்ரி, கிளியர்: ஓர் இழை

செப்டம்பர் 9, 2024

அமெரிக்க விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை நடத்தும் அரசுத் துறை டிஎஸ்ஏ. காசு வாங்கி, முன்பே விசாரித்துவிட்டு, இலகுவான சோதனை வரிசையில் விடுகிற அதன் திட்டம் பிரீசெக். அதைப் பற்றி ஒருவர் கேட்டிருப்பதை அப்படியே தருகிறேன்: "வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பறக்கிறேன். டிஎஸ்ஏ பிரீசெக்குக்கு 80 டாலர் அழுவது, ஷூவைக் கழற்றாமல் இருக்க அரசாங்கத்துக்குக் கப்பம் கட்டுகிற மாதிரி இருக்கிறது. டிக்கெட்டிலேயே பாதுகாப்புக் கட்டணம் என்று பிடிக்கிறார்கள். அப்புறம் எதற்கு இன்னொன்று? வாங்கினவர்கள் மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், பிரயோஜனம் உண்டா?"

வாங்கினவன் நான். மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். முதலில் கணக்கு.

ஒரு தடவை கட்டினால் ஐந்து வருஷம் ஓடும். வருஷத்துக்கு இரண்டு பயணம், போக வர என்று நான்கு முறை சோதனை வரிசையில் நிற்கிறீர்கள். ஐந்து வருஷத்தில் இருபது முறை. 80 டாலரை இருபதால் வகுத்தால் முறைக்கு 4 டாலர். நீங்கள் சொன்ன அந்தப் பாதுகாப்புக் கட்டணம் ஒரு வழிக்கு 5.60 டாலர், 2014 ஜூலையிலிருந்து. அதாவது எல்லோரும் கட்டுவதை விட இது குறைவு. வாங்கலாம். முடிந்தது.

செப்டம்பர் 10, 2024

முடியவில்லை. நேற்று எழுதியதை இன்று படித்தால் கடைக்காரன் பேச்சு மாதிரி இருக்கிறது. முறைக்கு 4 டாலர் என்றேன், அந்த 4 டாலருக்கு என்ன கிடைத்தது என்று சொல்லவில்லை.

கிடைப்பது: ஷூ, பெல்ட், மெல்லிய ஜாக்கெட் எதையும் கழற்ற வேண்டாம். லேப்டாப் பைக்குள்ளேயே இருக்கலாம். 100 மில்லிக்கு உட்பட்ட திரவங்கள் அடங்கிய அந்தக் குட்டிப் பையையும் வெளியே எடுக்க வேண்டாம். பெரும்பாலும் கையைத் தூக்கி நிற்கிற ஸ்கேனர் கிடையாது, சாதாரண உலோகச் சட்டத்துக்குள் நடந்து போனால் போதும். வரிசையும் சின்னது. பிரீசெக் வரிசை 10 நிமிடத்துக்குள், மற்றது 30 நிமிடத்துக்குள் என்பது டிஎஸ்ஏ தனக்கு வைத்திருக்கும் அளவுகோல்.

கிடைக்காதது: உறுதி. எந்த நாளும் எந்தக் காரணமும் சொல்லாமல் உங்களைச் சாதாரண வரிசைக்கு அனுப்பலாம். சோதனை எப்படி அமையும் என்று யாரும் கணிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். போர்டிங் பாஸில் நான்கு எஸ் வரிசையாக அச்சாகி வந்தால் உங்கள் அட்டை, எண் எல்லாம் சும்மா. தனியாகக் கூட்டிப்போய் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்.

செப்டம்பர் 10, இரவு

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், பின்னூட்டத்தில் பார்த்தேன். பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

பிரீசெக் அரசாங்கத்துடையது, சோதனையை இலகுவாக்கும். குளோபல் என்ட்ரியும் அரசாங்கம்தான், ஆனால் வேறு துறை. வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும்போது இமிக்ரேஷன் வரிசையைக் குறைக்கும், கூடவே பிரீசெக்கும் அதிலேயே அடக்கம். கிளியர் தனியார் கம்பெனி. உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்து வரிசையின் முன்னால் கொண்டுபோய் விடுவார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதன் பிறகு பிரீசெக் இல்லையென்றால் ஷூவைக் கழற்றத்தான் வேண்டும். ஒன்று வரிசையின் நீளம், இன்னொன்று வரிசையின் முடிவில் நடக்கும் கூத்து. கிளியர் வாங்கிவிட்டு "ஏன் லேப்டாப்பை எடுக்கச் சொன்னார்கள்" என்று கேட்பவர்கள் இதைத்தான் கவனிக்கவில்லை.

செப்டம்பர் 13, 2024

"ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், பிரீசெக் விண்ணப்பத்தில் முதல் கேள்வியிலேயே வெளியே தள்ளுகிறது" என்று ஒருவர்.

ஆமாம். பிரீசெக்கை நேரடியாக வாங்க அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். ஆனால் பின்வாசல் ஒன்று உண்டு. 2017இல் இந்தியக் குடிமக்களுக்கும் குளோபல் என்ட்ரியைத் திறந்துவிட்டார்கள். அதை வாங்கினால் பிரீசெக் தானாக வரும். நான் வந்த வழியும் அதுதான்.

இந்தியர்களுக்கு அதில் ஒரு கூடுதல் படி இருக்கிறது, பாஸ்போர்ட் சேவா வழியாக நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பு. நான் இங்கே உட்கார்ந்து விண்ணப்பிக்க, போலீஸ் விசாரணை ஊரில் அப்பா வீட்டு வாசலுக்குப் போனது. நான் முன்கூட்டியே சொல்லி வைக்கவில்லை. என் தப்பு. அப்பா பதறிப்போய் இங்கே ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தார். "ஏர்போர்ட்டில் சீக்கிரம் போக அனுமதி வாங்குகிறேன்" என்றேன். "சீக்கிரம் போக எதுக்குடா போலீஸ்?" என்றார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆகவே விண்ணப்பிக்கும் முன் வீட்டில் சொல்லி வையுங்கள்.

செப்டம்பர் 14, 2024

அவசரக் குறிப்பு. அக்டோபர் 1 முதல் குளோபல் என்ட்ரி 100 டாலரிலிருந்து 120 ஆகிறது. அதே தேதியிலிருந்து 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு, பெற்றோர் உறுப்பினராக இருந்தால் அல்லது சேர்ந்து விண்ணப்பித்தால், இலவசம். பிள்ளை இல்லாதவர்கள் இந்த மாதத்துக்குள் போடுங்கள். இரண்டு பிள்ளை உள்ளவர்கள் இரண்டு வாரம் பொறுங்கள். மறுத்தாலும் பணம் திரும்ப வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், பணம் கட்டும் முன் முகவரி .gov என்று முடிகிறதா என்று ஒரு முறை பாருங்கள். அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் போட்டுக் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய.

செப்டம்பர் 22, 2024

இந்த இழையில் உருப்படியாக நான் எழுதப்போவது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பெயர்.

பிரீசெக்கை நடத்துவது அட்டையோ வரிசையோ இல்லை. சேர்ந்ததும் உங்களுக்கென்று தரும் கேடிஎன் என்கிற ஓர் எண். டிக்கெட் எடுக்கும்போது அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். விமான நிறுவனம் உங்கள் பெயர், பிறந்த தேதி, பாலினம், இந்த எண் நான்கையும் டிஎஸ்ஏவுக்கு அனுப்பும். நான்கும் பொருந்தினால்தான் போர்டிங் பாஸில் பிரீசெக் முத்திரை விழும். முத்திரை இல்லையென்றால் வாசலில் நிற்பவரிடம் அட்டையைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டுவது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் விசாவில் உங்கள் பெயரைத் தூக்கி சர்நேமில் போட்டுவிட்டு, முதற்பெயருக்கு எஃப்என்யூ என்று அடித்துத் தருவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பெற்ற அம்மா ஆசையாக வைத்த பெயர், இங்கே வந்து "தெரியவில்லை". சிலருக்கு அப்பா பெயர் முன்னால், சிலருக்குப் பின்னால். இனிஷியலை ஓர் இடத்தில் எழுத்தாக, இன்னோர் இடத்தில் விரித்து. ஒரே ஆளுக்கு பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், ஓட்டுநர் உரிமத்தில் ஒரு பெயர், பறக்கப் பறக்கப் புள்ளி சேர்க்கும் விமான நிறுவனத்தின் மைலேஜ் கணக்கில் ஒரு பெயர்.

என் கதை: அட்டை வந்து முதல் மூன்று பயணத்திலும் முத்திரை விழவில்லை. எண்ணைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். "ஏமாற்று வேலை" என்று வீட்டில் கத்தினேன். மனைவிதான் அட்டையையும் போர்டிங் பாஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பல வருஷத்துக்கு முன் நானே திறந்த மைலேஜ் கணக்கில் அப்பா பெயரை ஒற்றை எழுத்தாகப் போட்டிருக்கிறேன். டிக்கெட் அங்கிருந்துதான் பெயரை எடுத்துக்கொண்டிருந்தது. திருத்திய அடுத்த பயணத்திலேயே முத்திரை விழுந்தது.

எண் சேர்க்கும் முன்பே செக்இன் செய்துவிட்டீர்கள் என்றால் அந்தப் பழைய போர்டிங் பாஸில் முத்திரை முளைக்காது. புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பர் 23, 2024

நேற்றைய குறிப்புக்கு ஒரு திருத்தம். "நான்கும் பொருந்தினால் முத்திரை விழும்" என்றேன். விமான நிறுவனமும் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். எல்லா வெளிநாட்டு நிறுவனங்களும் சேரவில்லை. ஊருக்குப் போகும் டிக்கெட் எடுக்கும் முன் டிஎஸ்ஏ தளத்தில் உள்ள பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் குளோபல் என்ட்ரி கணக்கில் புது எண்ணை ஏற்றவும்.

அக்டோபர் 6, 2024

"வரிசையில் காத்திருக்கப் பொறுமை இல்லாத பணக்காரர்களுக்கான திட்டம்" என்று ஒருவர் சாடியிருக்கிறார்.

ஐயா, நான் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன். எத்தனை டாலர் கொடுத்தாலும் நகராத வரிசை அது. காசு கொடுத்தால் நகரும் வரிசை ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் ஓர் ஆசையில் வாங்கிவிட்டேன், மன்னியுங்கள்.

ஆனால் அவர் சொல்வதில் ஒன்று உறுத்தத்தான் செய்கிறது. பிரீசெக் 2011 அக்டோபரில் அட்லாண்டா, டெட்ராய்ட், டல்லஸ், மயாமி என்று நான்கு ஊர்களில், அடிக்கடி பறக்கும் சிலருக்கு மட்டும் என்று தொடங்கியது. 2013 டிசம்பரில்தான் காசு கட்டி யாரும் விண்ணப்பிக்கலாம் என்றானது. ஆபத்தில்லாதவர்களை முன்பே சரிபார்த்து ஒதுக்கினால் மற்றவர்களைக் கவனமாகப் பார்க்கலாம் என்பது அதன் தர்க்கம். கைரேகை, பின்னணி விசாரணை எல்லாம் அதற்காக. இதை ஏற்கிறேன். கிளியருக்கு அந்தத் தர்க்கம் இல்லை. ஆண்டுக்கு 200 டாலரை ஒட்டி வாங்குகிறார்கள். ஐந்து ஆண்டுக்கு இல்லை, ஒவ்வோர் ஆண்டும். பதிலுக்கு முன்னால் நிற்க இடம். அது வெறும் இடம்தான்.

அக்டோபர் 7, 2024

கிளியர் பற்றிக் கேட்டவர்களுக்கு. எங்கள் ஊர் விமான நிலையத்தில் அவர்கள் பாதையே கிடையாது, அதனால் நான் வாங்கவில்லை. உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சில கிரெடிட் கார்டுகள் அந்தப் பணத்தைத் திருப்பித் தருகின்றன. பிரீசெக், குளோபல் என்ட்ரி கட்டணத்தைத் திருப்பித் தரும் கார்டுகள் இன்னும் அதிகம். கையில் இருக்கும் கார்டின் சலுகைப் பக்கத்தை ஒரு முறை புரட்டுங்கள், பாதிப் பேருக்கு இந்த விவாதமே தேவைப்படாது.

பழைய கதை ஒன்று. இந்தப் பெயரில் இப்போது இருப்பது இரண்டாம் பிறவி. முதல் கிளியர் 2009 ஜூன் 22 இரவோடு இரவாகக் கடையைச் சாத்தியது. ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் மறுநாள் காலை வந்து பார்த்தால் ஆள் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 33,000 பேர் விவரங்கள் இருந்த லேப்டாப் ஒன்று சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் காணாமல் போய், பிறகு கிடைத்தது. திவாலான பிறகு வேறு ஆட்கள் 2010இல் பெயரை வாங்கி நடத்துகிறார்கள். இவர்களும் அப்படி ஆவார்கள் என்று சொல்ல வரவில்லை. கண்ணையும் கைரேகையையும் கொடுப்பதற்கு முன் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

டிசம்பர் 29, 2024

அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். விசிட்டர் விசா. இருவருக்கும் பிரீசெக் இல்லை.

குடும்பத்தோடு ஃபுளோரிடா போனோம். நான், மனைவி, பத்து வயது மகள், அவர்கள் இருவர். 12 வயது வரை உள்ள பிள்ளை பெற்றோரோடு பிரீசெக் வரிசையில் வரலாம், அதனால் எங்கள் மூவருக்கும் வழி திறந்திருக்கிறது. அம்மாவையும் அப்பாவையும் அந்தப் பக்கம் விட்டுவிட்டு இந்தப் பக்கம் போகிற தைரியம் யாருக்கு இருக்கிறது? ஐந்து பேரும் நீண்ட வரிசையில் நின்றோம்.

அப்பாவுக்கு 76. வயது 75 தாண்டினால் ஷூ கழற்ற வேண்டாம். அவர் அதை நம்பவில்லை, கோயில் வாசல் மாதிரி நினைத்துக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டார். சோதனை ஊழியர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். அம்மா தட்டில் தன் கைப்பையை வைத்தாள், அதற்குள் ஒரு கிலோ இட்லிப் பொடி. 12 அவுன்ஸுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகப் பார்க்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. பார்த்தார்கள். ஒரு வெள்ளைத் துணித்துண்டால் டப்பாவின் விளிம்பைத் துடைத்து மெஷினில் வைத்தார்கள். அம்மா அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உப்பு சரியா இருக்கான்னு பார்க்கிறாங்களா?" என்றாள்.

மொத்தம் 40 நிமிடம். என் அட்டை அன்றைக்குப் பர்ஸில் தூங்கியது.

டிசம்பர் 30, 2024

நேற்று எழுதியதிலிருந்து தோன்றியது: முதல் நாள் போட்ட "முறைக்கு 4 டாலர்" கணக்கு தப்பு. நான் எத்தனை முறை பறக்கிறேன் என்று கணக்கிட்டேன், யாரோடு பறக்கிறேன் என்று கணக்கிடவில்லை. ஊரிலிருந்து வருபவர்களோடு சுற்றும் பயணங்களைக் கழித்தால் எனக்கு முறைக்கு 7, 8 டாலர் ஆகிறது. தனியாக ஆபீஸ் வேலையாகப் பறப்பவருக்கு 2 டாலர் கூட வராது. அதே அட்டைதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. திரும்பும்போது சக்கர நாற்காலி கேட்டோம். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இங்கே சட்டம். தள்ளி வந்தவர் எங்கள் எல்லோரையும் வேறு பாதையில் சீக்கிரமாகக் கூட்டிப்போனார். உடனே "அப்படியென்றால் நானும் கேட்கலாமே" என்று எழுதாதீர்கள். நன்றாக நடக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்தால் நடக்க முடியாத ஒருவர் எங்கோ காத்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி 16, 2025

கறிவேப்பிலை.

தெரிந்தவர் ஒருவரின் குளோபல் என்ட்ரி போய்விட்டது. பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை. ஊரிலிருந்து திரும்பியவர், சுங்கத்தில் சொல்லாமல் வெளியே வந்தபோது பிடிபட்டார். அபராதம் ஒரு பக்கம், உறுப்பினர் தகுதியும் ரத்து. அவர் வைக்கவே இல்லையாம், மாமியார் துணிக்கு நடுவில் செருகியிருக்கிறார்.

கேலியாகத் தோன்றும். ஆனால் கறிவேப்பிலைச் செடி எலுமிச்சை, ஆரஞ்சு இனத்துக்கு உறவு. அதில் தங்கும் ஒரு சின்னப் பூச்சி ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிறது, அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. விரைவு வரிசையில் போகிறவரிடம் நம்பிக்கை வைத்து விடுகிறார்கள், அதனால் மீறினால் தண்டனையும் கூடுதல். உணவுப் பொருள் இருந்தால் "இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பெரும்பாலும் பிடுங்கிக்கொள்வதோடு போகும்.

ஊரில் பெட்டியை மூடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

ஜூலை 9, 2025

வந்துவிட்டது! நேற்று முதல் யாருமே ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். 2001 டிசம்பரில் ஒருவன் ஷூவுக்குள் வெடிமருந்தோடு பாரிஸிலிருந்து மயாமி விமானத்தில் ஏறியதில் தொடங்கிய கதை, 2006 முதல் எல்லோருக்கும் கட்டாயமானது, இப்போது முடிந்தது.

கேள்வி கேட்டவர் காலையிலேயே வந்து "எங்கே உங்கள் 80 டாலர்?" என்று ஒற்றை வரி போட்டிருக்கிறார். நியாயம். தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றப்போவதில்லை.

ஜூலை 11, 2025

இரண்டு நாள் யோசித்தேன். ஷூ போனால் மிச்சம் என்ன? பெல்ட், ஜாக்கெட், லேப்டாப், திரவப் பை, வரிசை. இதில் லேப்டாப்பும் ஆட்டம் காண்கிறது. புது வகை ஸ்கேனர் வைத்த இடங்களில் சாதாரண வரிசையிலும் "எதையும் எடுக்காதீர்கள்" என்கிறார்கள்.

எனவே ஷூவுக்காக வாங்க நினைத்தவர்கள் இனி வாங்க வேண்டாம். சின்ன வரிசைக்காக வாங்குகிறவர்கள் வாங்கலாம். வெளிநாடு போய் வருகிறவர்கள் குளோபல் என்ட்ரி வாங்கலாம், ஆண்டுக்கு 24 டாலர்தான். நீண்ட விமானப் பயணம் முடிந்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இமிக்ரேஷன் கூடத்தில் இறங்கிப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் என்ற செயலி இலவசமாகவே இருக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பாருங்கள். ஹெச்1பிக்கு அது கிடையாது. நமக்கு எதுவும் இலவசம் கிடையாது.

நவம்பர் 2, 2025

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான்கு வருஷமாக இந்த அட்டையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் தெரியுமா? விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு. அட்டை வாங்குவதற்கு முன்பும் மூன்று மணி நேரம்தான். மனைவிக்கு அதுதான் கணக்கு. அவள் தாலிக்கொடியும் வளையலும் அந்த உலோகச் சட்டத்தில் அவ்வப்போது கத்தும், அதற்கு ஐந்து நிமிடம் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறாள். சோதனையை எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் கேட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனைப் பார்க்கிறோம்.

வரிசையில் மிச்சம் பிடித்ததை நாற்காலியில் செலவழிக்கிறேன். தனியாகப் போகும்போது மட்டும் ஒன்றேகால் மணி நேரம் முன்பு கிளம்புகிறேன், அப்போதுதான் காசு திரும்பி வருகிற மாதிரி இருக்கிறது.

நவம்பர் 3, 2025

"அப்படியென்றால் புதுப்பிப்பீர்களா?" என்று மூன்று பேர். ஆமாம். ஏன் என்று கேட்காதீர்கள், நேற்று எழுதியதற்கே வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 19, 2025

இழையைத் தொடங்கியவருக்கு வேலை மாறிவிட்டதாம், இனி மாதம் ஒரு முறை பறக்க வேண்டுமாம். பிரீசெக் விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்க் கட்டத்தில் நிற்கிறார். "இனிஷியலை எழுத்தாகப் போடவா, விரிக்கவா?"

பாஸ்போர்ட்டைத் திறங்கள். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. முடிந்ததும் உங்கள் மைலேஜ் கணக்குகளையும் திறந்து அதே பெயராக மாற்றுங்கள். அதற்குள் டிக்கெட் எடுத்துவிட வேண்டாம்.

எடுத்துவிட்டாராம்.